பதக்கத்தைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

கண்டியிலிருந்து திகனக்கு வரும் பஸ் பல்லேகலை மைதானத்தைத் தாண்டும்போது, ஜிம்முக்குப் போய் வரும் தம்பிமார் ஒருமுறை சன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் அங்கே தன் பெயரைச் சொல்லிக் கூட்டம் கத்த வேண்டும் என்ற ஆசைதான். பதக்கம் வாங்கும் வழியைச் சொல்லித்தரப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். வாங்கியதை முறையாகத் திருப்பிக் கொடுக்கும் வழியைச் சொல்லத்தான் ஆளில்லை. இதோ, ஆறு படிகள்.

1. பலனை மட்டும் படியுங்கள்

ஊக்கமருந்தின் பலன் பொய்யில்லை. 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் ஊசியைப் பத்து வாரம் போட்டுக்கொண்டவர்களில், பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்கும் கொழுப்பற்ற எடை சுமார் மூன்று கிலோ கூடியது. பயிற்சியும் செய்தவர்களுக்கு ஆறு கிலோ. இத்துடன் தாளை மடித்து வைத்துவிடுங்கள். விரை சுருங்குவது, விந்தணு குறைவது, ஆணுக்கு மார்பு வளர்வது, நல்ல கொழுப்புச் சரிவது, இதயத் தசை தடிப்பது எல்லாம் வேறு தாள்களில் இருக்கின்றன. பாடசாலைப் பையனுக்கு ஒரு சலுகையும் உண்டு: எலும்பின் வளர்முனைகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளலாம். தோள் அகலும், உயரம் அங்கேயே நிற்கும்.

2. வைத்தியரிடம் கேட்காதீர்கள்

அவர் இரத்தம் சோதிப்பார், அழுத்தம் பார்ப்பார், வேண்டாத கேள்வி கேட்பார். ஜிம்மில் இருக்கும் மூத்த அண்ணனிடம் போங்கள். அவர் கேள்வி கேட்க மாட்டார், டப்பாவை மட்டும் நீட்டுவார். லேபிளில் இல்லாத சரக்கு உள்ளே கலந்திருந்த டப்பாக்கள் உலகெங்கும் பிடிபட்டிருக்கின்றன. உங்களுடையது நல்ல டப்பா என்று நம்புங்கள்.

3. நாட்டு மருந்துதானே என்று விழுங்குங்கள்

தோள் வலிக்கு மூலிகை மருந்து எடுத்தார் நம் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க. 2011 உலகக் கிண்ணத்தின்போது எடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட பிரெட்னிசோலோன் இருந்தது. அவர் ஆட்டத்திறனைக் கூட்ட எண்ணவில்லை என்று விசாரணையில் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டுதான் மூன்று மாதத் தடையும் கொடுத்தார்கள்.

4. அம்மா தந்தால் மறுக்காதீர்கள்

உடல் மெலிவாகத் தெரிய அம்மா கொடுத்த குளிசை என்றார் அவுஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஷேன் வார்ன். அது சிறுநீர் பெருக்கி. வேறு மருந்தின் தடயத்தை மறைக்கவும் உதவும் என்பதால் தடைப் பட்டியலில் உள்ளது. 2003 உலகக் கிண்ணத்துக்கு முன் வீடு திரும்பி, ஓராண்டு உட்கார்ந்திருந்தார். டெஸ்டுக்கு மீண்டு வந்தது நம் நாட்டில்தான். 2004 மார்ச் 12 அன்று காலியில் 500ஆவது டெஸ்ட் விக்கெட்டைத் தொட்டார். நான்கே நாள் கழித்து, கண்டி அஸ்கிரியவில் நம் முத்தையா முரளிதரனும் தொட்டுவிட்டார். குண்டசாலையில் அப்பாவின் பிஸ்கட் தொழிற்சாலை இருந்ததால், முரளி குளிசைக்குப் பதில் பிஸ்கட் தின்றிருக்கலாம். கடைசிக் கணக்கு: வார்ன் 708, முரளி 800.

5. வெற்றி ஊர்வலத்தைச் சீக்கிரம் முடியுங்கள்

2010 டில்லி பொதுநலவாய விளையாட்டில் மஞ்சு வன்னியாராச்சி தங்கம் வென்றார். 1938க்குப் பிறகு குத்துச்சண்டையில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம். சோதனையில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீரொயிட் தெரிந்தது. பதக்கம் வேல்ஸ் நாட்டு ஷோன் மக்கோல்ட்ரிக்கிடம் போனது. மாலை வாடுமுன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. "எனக்குத் தெரியாது" என்று சொல்லிப் பழகுங்கள்

நன்றாகப் பழகுங்கள், ஏனெனில் அது அதிகம் எடுபடாது. உடம்பில் இருப்பதற்கு விளையாடுபவரே பொறுப்பு என்பதுதான் உலக விதி. ஸ்டீரொயிட் போன்றவற்றுக்கு முதல் தடவையே நான்கு ஆண்டுகள் வரை தடை. மாதிரியைப் பத்து ஆண்டுகள் வைத்திருந்து மறுபடி சோதிக்கலாம். இலங்கையில் இதற்கென்றே 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

இவ்வளவு சிரமம் ஏன் என்று நினைக்கும் சோம்பேறிகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கஃபீன் 2004 முதல் தடைப் பட்டியலில் இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவில் எடுத்தாலே களைப்பைத் தள்ளிப்போடும். அறுபது கிலோ ஆளுக்கு நாலு கோப்பை தேத்தண்ணி போதும். அதை விளைவிக்கும் மலை இங்கேதான் இருக்கிறது. பின்னேரத்துக்குப் பிறகு குடிக்காதீர்கள். தூக்கத்தை விடப் பெரிய ஊக்கமருந்து இல்லை. வருத்தத்துக்கு மருந்து தேவையென்றால், விளையாடுகிறேன் என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தடையுள்ள மருந்துக்கும் சிகிச்சை விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு.

கடைசியாக ஒரு கேள்வி: திருப்பிக் கொடுக்கும் பதக்கம் எங்கே போகும்? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை முதலாவதாக ஓடி முடித்த மரியன் ஜோன்ஸ், ஆளிவிதை எண்ணெய் என்று நினைத்தே ஸ்டீரொயிட்டை எடுத்ததாக 2007இல் சொன்னார். அந்த ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தவர் நம் சுசந்திகா ஜயசிங்க. அவருக்குரிய வெள்ளி 2009 டிசம்பரில்தான் அவருடையது என்று முடிவானது. ஓடியது 22.28 விநாடி, காத்திருந்தது ஒன்பது ஆண்டு.