கேடயத்தைக் கண்டால் கோபம் ஏன்?

கேள்வி: வடகொரியாவின் ஏவுகணையைத் தடுக்கத் தென்கொரியா கேடயம் வைத்தால், சீனாவுக்கு ஏன் கோபம் வருகிறது?
- ஒரு வாசகர், மொன்றியல்

பதில்: அந்தக் கேடயத்துக்குக் கண்ணும் இருக்கிறதே! 2017இல் தென்கொரியாவின் சொங்ஜுவில் அமெரிக்கா நிறுவிய 'தாட்' ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் ராடார், தன் நாட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கும் என்று சீனா கொதித்தது. அதற்கு இடம் கொடுத்த லொட்டே நிறுவனத்தின் கடைகள் சீனாவில் வரிசையாக மூடப்பட்டன. மிரட்டியது வடகொரியா, முட்டிக்கொண்டவை வல்லரசுகள்.

உங்கள் ஊருக்கு வடமேற்கே உள்ள லா மக்காசாவுக்கும் இந்தக் கதை தெரியும். சோவியத் குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்த அங்கே நின்ற 'போமார்க்' ஏவுகணைகளின் தலையில் இருந்தது அணுகுண்டு! அந்த அணுகுண்டுகளை ஏற்பதா என்ற சண்டையில் 1963இல் கனடாப் பிரதமர் டீஃபன்பேக்கரின் ஆட்சியே கவிழ்ந்தது.

ஒருவர் கேடயத்தைப் பெருக்கினால் மற்றவர் அம்பைப் பெருக்குவார். இதை உணர்ந்தே 1972இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஏவுகணைத் தடுப்புக்கு ஒப்பந்தம் போட்டு வரம்பு கட்டின. 2002இல் அமெரிக்கா அதிலிருந்து விலகியது. 2018இல் புதிய அணு ஆயுதங்களை அறிவித்த ரஷ்ய அதிபர் புதின், அந்த விலகலையே காரணம் காட்டினார்.

கேடயம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு என்பதை எதிராளியோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன். ஒப்பந்தம் இல்லாத கேடயம், அடுத்த ஆயுதப் போட்டிக்குக் கட்டும் முன்பணம்.