உதட்டிலிருந்து தொண்டை வரை: நஞ்சன்கூட்டியல் ஓர் அறிமுகம்

நஞ்சன்கூடு என்ற பெயரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் ஒரு கட்சி. கேட்டதும் வலது கை ஆள்காட்டி விரல் தானாக வாய்ப்பக்கம் போகிறவர்கள் இன்னொரு கட்சி. முன்னவர்களுக்குக் கோயில் தெரியும். பின்னவர்களுக்குப் பல்பொடி தெரியும். வாழைப்பழத்தை நினைத்துக்கொள்ளும் மூன்றாம் கட்சி ஒன்றும் உண்டு. வாய் நிறைய இருப்பதால் அவர்கள் அதிகம் வாதாடுவதில்லை. மைசூருக்குத் தெற்கே, ஊட்டி சாலையில் சுமார் 23 கிலோமீட்டரில், கபிலை ஆற்றங்கரையில் இருக்கிற இந்த ஊரைப் பற்றி மூன்று கட்சிகளும் தனித்தனியே பேசி வருகின்றன. மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் கோட்பாடு இன்னும் எழவில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு. ‘இவ்வாய்வு’ என்ற சொல்லுக்குள்ளேயே வாய் உட்கார்ந்திருப்பது தற்செயல் அன்று என்பதைக் கட்டுரையின் போக்கில் வாசகர் உணர்வார்.

கோட்பாடு இதுதான்: நஞ்சன்கூட்டிலிருந்து உலகுக்குக் கிடைத்த எதுவும் மனிதனின் உதட்டுக்கும் தொண்டைக்கும் இடைப்பட்ட ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே தன் பெருமையைச் சம்பாதித்துக்கொள்கிறது.

முதல் சான்று மூலவரே. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகாலத்தை வாயில் வாங்கியவர். அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை, தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டார். ஸ்ரீகண்டேஸ்வரர் என்ற திருநாமத்தில் கண்டம் இருக்கிறது. நஞ்சுண்டேஸ்வரர் என்ற திருநாமத்தில் உண்ட செய்தி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமது ஆய்வு எல்லையின் இரு முனைகளும் கிடைத்துவிடும். இதைவிடத் தெளிவான கல்வெட்டு வேறு எந்தத் துறைக்கும் கிடைத்ததில்லை.

இதிலிருந்து நஞ்சன்கூட்டுப் பொருள்கள் அனைத்தையும் மூன்று வகையாகப் பிரிக்கலாம்: நிறுத்துவன, விழுங்குவன, துப்புவன. நிறுத்துவனவற்றில் மேலே சொன்ன ஒன்றே ஒன்று. அது மனிதர்கள் முயன்று பார்க்கத் தக்கதன்று. விழுங்குவனவற்றில் முதலிடம் நஞ்சன்கூடு ரசபாளைக்கு. நம்மூர் ரஸ்தாளியின் நெருங்கிய பங்காளி. புவிசார் குறியீடு பெற்ற பழம். பனாமா வாடல் நோய் வந்து தோட்டம் தோட்டமாகக் காலி செய்ததால், இன்று குறியீடு பத்திரமாக இருக்கிறது, பழத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இதே நோய்தான் உலகச் சந்தையையே ஆண்டுகொண்டிருந்த குரோ மிஷேல் என்ற வாழையை 1950களில் அரியணையிலிருந்து இறக்கி, கேவண்டிஷ் என்ற, பார்க்க லட்சணமான, ருசியில் பேச்சற்ற பழத்துக்கு முடிசூட்டியது. அமெரிக்கப் பேரங்காடியில் நடந்த ஆட்சி மாற்றத்துக்கும் கபிலைக் கரைத் தோட்டத்தில் விழுந்த இடிக்கும் காரணம் ஒரே பூஞ்சைக் குடும்பம் என்பது, வாய் சம்பந்தப்பட்ட துயரங்களுக்கு எல்லை கிடையாது என்பதைக் காட்டுகிறது. விழுங்குவனவற்றில் இரண்டாவது, இன்ஸ்டன்ட் காபித் தூள். நெஸ்லே நிறுவனம் 1989இல் இங்கே ஆலை திறந்தது. ஃபில்டர் காபிக்காரர்கள் இதைத் துப்புவன வகையில் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். ஆய்வுலகம் உணர்ச்சிகளுக்கு இடம் தரலாகாது.

இனி துப்புவன. இங்கேதான் நஞ்சன்கூட்டியலின் கருவூலம் இருக்கிறது.

1913இல் பி. வி. பண்டிட் என்ற ஆயுர்வேத வைத்தியர் நஞ்சன்கூட்டில் சத்வைத்யசாலாவைத் தொடங்கினார். அங்கிருந்து வந்த பல்பொடி ஊரின் பெயரை மாநில எல்லைகளைத் தாண்டிக் கொண்டுபோனது. அதன் முக்கியச் சரக்கு நெல் உமி. இதில் உள்ள தத்துவத்தைக் கவனியுங்கள். அரிசி வாய்க்குள் போய்ப் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு குற்றம் செய்கிறது. அதே நெல்லின் உமி பின்னால் வந்து அண்ணன் செய்த குற்றத்தைத் துடைக்கிறது. நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் விளக்கியதும் இந்தக் குடும்ப நியாயத்தின் அடிப்படையிலேயே. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பரிந்துரைத்த பழமொழி உமியைக் கணக்கில் எடுக்காமல் விட்டது, அது மரம் வெட்டத் தெரிந்தவர்களால் இயற்றப்பட்டதாக இருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்புகிறது.

உமியை இளப்பமாக எண்ணுபவர்கள், உலகத்தின் மற்றப் பகுதிகளில் என்ன நடந்தது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே கட்டுல்லஸ் என்ற ரோமானியக் கவிஞர், எப்போதும் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்த ஒரு ஸ்பெயின்காரரைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறார். பல் அவ்வளவு வெண்மையாக இருந்ததற்குக் காரணம், அவர் ஊரில் காலையில் அவரவர் சிறுநீராலேயே பல் தேய்ப்பார்களாம். நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பிரான்ஸ் நாட்டுப் பியேர் ஃபோஷார், 1728இல் வெளியிட்ட தம் பெரும் நூலில் அதே திரவத்தை வாய் கொப்பளிக்கச் சிபாரிசு செய்தார். தந்தையே சொன்ன பிறகு பிள்ளைகள் என்ன சொல்ல முடியும்? இருபதாம் நூற்றாண்டிலாவது உருப்பட்டார்களா என்றால், ஜெர்மனியில் ‘டோராமாட்’ என்றொரு பற்பசை 1940களில் விற்பனையில் இருந்தது. அதில் தோரியம் கலந்திருந்தது. கதிரியக்கம் ஈறுகளுக்கு உயிரூட்டும் என்று விளம்பரமும் செய்தார்கள். அதோடு ஒப்பிட்டால் நம் உமி எவ்வளவு சாது.

நிற்க. இலக்கணச் சிக்கல் ஒன்றைத் தீர்க்காமல் மேலே போவது முறையன்று. பல்லோடு பொடி சேர்ந்தால் பற்பொடி என்று ஆக வேண்டும். பசை சேர்ந்தபோது பற்பசை என்று ஒழுங்காகத்தான் புணர்ந்தது. ஆனால் கடையில் போய்ப் ‘பற்பொடி’ கேட்டவரை யாரும் கண்டதில்லை. எல்லோரும் கேட்பது பல்பொடிதான். பின்னால் வந்த பசைக்கு நன்னூல் கிடைத்தது, முன்னால் வந்த பொடிக்குக் கிடைக்கவில்லை. ஏழைப் பொருளுக்கு இலக்கணமும் எட்டாது போலும்.

பெரிய சிக்கல் தொகையில் இருக்கிறது. மிளகாய்ப் பொடி மிளகாயால் ஆனது. இட்லிப் பொடி இட்லியால் ஆனதன்று; இட்லிக்கானது. அப்படியானால் பல்பொடி எந்தக் கட்சி? பல்லுக்கான பொடி என்றால் நான்காம் வேற்றுமை. பல்லால் ஆன பொடி என்றால் மூன்றாம் வேற்றுமை. சிரிக்க வேண்டாம், மூன்றாம் வேற்றுமைக்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1560இல் கோவாவின் போர்ச்சுக்கீசிய ஆளுநர் கான்ஸ்டன்டினோ த பிரகான்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்துச் சென்று, கொள்ளைப் பொருள்களோடு ஒரு பல்லையும் கொண்டுவந்தார். புத்தரின் பல் அது என்று கேள்விப்பட்ட பெகு நாட்டு மன்னர் பெருந்தொகை தருவதாகத் தூது அனுப்பினார். கஜானா வறண்டிருந்த அதிகாரிகளுக்கு நாவில் நீர் ஊறியது. மதகுருமார் மறுத்துவிட்டார்கள். கடைசியில் அந்தப் பல் உரலில் இட்டு இடிக்கப்பட்டு, தூளாக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, ஆற்றில் கரைக்கப்பட்டதாகப் போர்ச்சுக்கீசியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். மெய்யான புனிதப் பல் அவர்கள் கையில் அகப்படவே இல்லை, அது கண்டி தலதா மாளிகையில் பத்திரமாக இருக்கிறது என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. ஆக, மூன்றாம் வேற்றுமைப் பல்பொடி உலகில் ஒருமுறை தயாரிக்கப்பட்டது, விலை பேசப்பட்டது, விற்கப்படவில்லை. நஞ்சன்கூட்டுச் சரக்கு நான்காம் வேற்றுமை என்பதை இங்கே பதிவு செய்துவிட்டு நகர்கிறேன்.

துப்புவன, விழுங்குவன என்ற எல்லைக்கோட்டை மீறியவர்கள் தமிழ்க் குழந்தைகள். கோபால் பல்பொடியின் ரோஸ் நிறமும் இனிப்பும் எத்தனை தலைமுறைகளை வகுப்பு மாறச் செய்தன என்பதை வீட்டுக்கு வீடு விசாரித்தால் தெரியும். பொட்டலம் வேகமாகத் தீர்ந்தது, பல் மட்டும் அப்படியே இருந்தது என்ற புகாருடன் தாய்மார் பலர் அந்நாளில் தவித்திருக்கிறார்கள். நஞ்சன்கூட்டுப் பொடிக்கு இந்த ஆபத்து குறைவு. மருந்து வாசனை காவல் நின்றது.

இப்போது கருவிக்கு வருவோம். தூரிகை என்பது பிற்காலத்துச் சரக்கு. 1780 வாக்கில் வில்லியம் ஆடிஸ் என்ற ஆங்கிலேயர் சிறையில் பொழுது போகாமல் எலும்புத் துண்டில் பன்றி மயிரைச் செருகிச் செய்தார் என்று ஒரு கதை. நைலான் மயிர் வந்தது 1938இல். பல்பொடிக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. இடது உள்ளங்கையில் பொடி, வலது ஆள்காட்டி விரலில் ஈரம், முடிந்தது வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூரிகையை மாற்றச் சொல்லும் மருத்துவர்கள் விரல் விஷயத்தில் வாய் திறப்பதில்லை.

இந்த விரலைத் தொடர்ந்து போனபோதுதான் ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மைசூர் நகரில், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937இல் நிறுவிய வண்ணப்பூச்சு ஆலை ஒன்று இருக்கிறது. இன்று அதன் பெயர் மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ். 1962 பொதுத் தேர்தல் முதல் இந்திய வாக்காளரின் விரலில் வைக்கப்படும் அழியாத மை அங்கிருந்துதான் வருகிறது. 20க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. மை வைப்பது இடது ஆள்காட்டி விரலில். பொடி தொடுவது வலது ஆள்காட்டி விரலால். ஆக இந்தியக் குடிமகனின் இரண்டு ஆள்காட்டி விரல்களும் நெடுங்காலமாக ஒரே மாவட்டத்தின் ஆளுகையில் இருந்து வந்திருக்கின்றன. வலது விரலுக்குக் கறை நீக்கும் பணி, இடது விரலுக்குக் கறை ஏற்கும் பணி. போதாக்குறைக்குப் பல்லில் கறை ஏற்றும் மைசூர் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. கறையை உண்டாக்குவதும் அவர்களே, போக்குவதும் அவர்களே. இவ்வளவு தன்னிறைவான பொருளாதாரத்தை வேறெங்கும் காண்பது அரிது.

எதிர்வாதங்கள் இரண்டு. முதலாவது, யானை. திப்பு சுல்தானின் பட்டத்து யானைக்குக் கண்நோய் கண்டு, நஞ்சுண்டேஸ்வரரை வேண்டிக்கொண்டபின் பார்வை திரும்பியதாம். மகிழ்ந்துபோன சுல்தான் இறைவனை ‘ஹகீம் நஞ்சுண்டா’ என்று அழைத்து, பச்சை லிங்கம் ஒன்றைக் காணிக்கையாக்கினார் என்று ஊரார் சொல்கிறார்கள். லிங்கம் இன்றும் கோயிலில் இருக்கிறது. இது கண் விவகாரம் ஆயிற்றே, வாய்க் கோட்பாடு இங்கே நொண்டுகிறதே என்று கேட்பார்கள். நோயாளி யார் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. உலகிலேயே பெரிய பல்லை முகத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டு திரியும் பிராணி அது. தந்தம் என்பது மேல்வாய் வெட்டுப்பல்லே. கடைவாய்ப் பற்களும் ஆயுளில் ஆறு தவணையாக முளைத்து வருபவை. கடைசித் தவணை தேய்ந்தால் யானைக்குச் சாப்பாடு முடிந்தது. அப்படிப்பட்ட பிராணி ஹகீமிடம் கண்ணைக் காட்டியது உண்மை. அதற்கு முன்பே அது பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருக்கும். துணைச் சான்றாக ஒரு சரித்திர ஒற்றுமை: திப்பு மறைந்த அதே 1799இல்தான் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனும் மறைந்தார். 1789இல் பதவியேற்றபோது அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். பொய்ப்பல் மரத்தால் ஆனது என்பது கட்டுக்கதை; நீர்யானையின் தந்தமும் மனிதப் பற்களும் ஈயமும் அதில் இருந்தன. ஒருவர் யானைக்காக வேண்டினார், மற்றவர் நீர்யானையால் மென்றார்.

இரண்டாவது எதிர்வாதம் பாலம். கபிலையின் மேல் 1735இல் தளவாய் தேவராஜர் கட்டியது. ரயில் என்ற பொருள் உலகத்தில் யாருக்கும் தெரியாத காலம். 1891இல் மைசூரிலிருந்து தண்டவாளம் வந்து சேர்ந்தபோது, ஒன்றரை நூற்றாண்டாகக் காத்திருந்ததுபோல இந்தப் பாலம் தோள் கொடுத்தது. அதன் பிறகு சாலையும் ரயிலும் அதன்மேல் பக்கம் பக்கமாகப் போயின. ரயில் பிறப்பதற்கு முன்பே கட்டிய ரயில் பாலம் என்ற விந்தையை வாய்க்குள் அடக்க முடியாது என்று எதிர்த்தரப்பு கொக்கரிக்கிறது. பல் விழுந்த இடத்தில் மருத்துவர்கள் எதைக் கட்டுகிறார்கள் என்று அவர்கள் ஒருமுறை விசாரிக்கட்டும். ‘பிரிட்ஜ் போட்டுடலாம்’ என்றுதான் பதில் வரும், பில்லும் ஏறக்குறைய ஆற்றுப்பாலக் கணக்கில்தான் வரும். ஃபோஷாரின் நூல் 1728, தேவராஜரின் பாலம் 1735. ஏழே ஆண்டு இடைவெளி.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு ஆய்வுச் சிக்கல்: இடதுகைப் பழக்கமுள்ளவர்கள். வாக்களித்த மறுநாள் காலை அவர்கள் மை வைத்த விரலாலேயே பல் தேய்க்க வேண்டியிருக்கிறது. மையில் இருக்கும் வெள்ளி நைட்ரேட் தோலோடு சேர்ந்து கறுத்துவிடும் என்பதால், உமி எவ்வளவு உரசினாலும் அது போகாது. தோல் வளர்ந்து உதிர்ந்தால்தான் உண்டு. எனவே மைசூருக்கும் நஞ்சன்கூட்டுக்கும் நேருக்கு நேர் நடக்கும் இப்போட்டியில் மைசூரே வெல்லும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் விதிமுறை என்று பார்த்தால் தேர்தல் சட்டம் முழுமையானது. இடது ஆள்காட்டி விரல் இல்லையா, இடது கையின் வேறு விரல்; அக்கையில் விரலே இல்லையா, வலது கை ஆள்காட்டி விரல்; அதுவும் இல்லையா, வலது கையின் வேறு விரல்; எதுவுமே இல்லையா, கையின் நுனி என்று 1961ஆம் ஆண்டு விதிகள் படிப்படியாக இறங்கி வருகின்றன. பல்பொடிக்கு எந்த விரல் என்று வகுத்துச் சொல்லும் விதி இன்னும் இயற்றப்படவில்லை. இருநூறு கோடிக்கும் மேற்பட்ட ஆள்காட்டி விரல்கள் இருக்கும் நாட்டில், தினமும் காலையில் அவரவர் மனம் போன போக்கில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.