குடும்பத்தோட மால்டா

(அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு டீக்கடை. மாமா, ஆவடி எச்.வி.எஃப். ராணுவத் தொழிற்சாலையில் டாங்க் செய்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர். இருவருக்கும் நடுவே பெஞ்சின் மேல் ஒரு வழவழத் தாள். நீலக் கடல், படகு, படகில் அப்பா, அம்மா, குழந்தை. அந்தக் குழந்தையின் சிரிப்பைப் பார்த்தால் விசாவுக்கு அலைந்த வீட்டுக் குழந்தையாகத் தெரியவில்லை.)

மாப்பிள்ளை: பாருங்க மாமா. மால்டா! மெடிட்டரேனியன் கடல் நடுவுல. குடும்பத்தோட செட்டில் ஆயிடலாம்னு பூந்தமல்லி ஏஜென்ட் சொல்றாரு.

மாமா: தீவுதானே மாப்ளே? அதுக்கு ஃப்ளைட் எதுக்கு? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப உங்க எஸ்டேட்டே தீவாத்தானே கெடந்துச்சு.

மாப்பிள்ளை: அதனாலதான் போறேங்கிறேன். மெஷின் காயற வரைக்கும் சம்பளம் கெடையாதுன்னுட்டாங்க. அது தனி நாடு மாமா. ஐரோப்பா!

மாமா: தனி நாடுதான். எவ்ளோ பெருசுன்னு நேத்து ராத்திரியே செல்லுல பாத்துட்டேன். 316 சதுர கிலோமீட்டர். நம்ம சென்னை மாநகராட்சி 426. அந்த ஊரு பிரதமரைவிட நம்ம மேயரம்மாவுக்குப் பரப்பு ஜாஸ்தி. பெரிய தீவோட நீளமே 27 கிலோமீட்டர்தான். அம்பத்தூர்ல லோக்கல் ஏறி ஒரு தூக்கம் போட்டா, திருவள்ளூர் வர்றதுக்குள்ள நாடே முடிஞ்சிடும்.

மாப்பிள்ளை: சின்ன ஊருன்னா நெரிசல் இருக்காது.

மாமா: அஞ்சரை லட்சம் ஜனம், நாலு லட்சத்துக்கு மேல வண்டி. ஐரோப்பிய யூனியன்லயே நெரிசலான நாடு அதான். பாடி சிக்னல்ல நிக்கிறதுக்கு நீங்க பாஸ்போர்ட் எடுக்கணுமா?

மாப்பிள்ளை: பஸ் ஃப்ரீ மாமா! 2022-லேர்ந்து, அங்க குடியிருக்கிறவங்களுக்கு. கார்டு காட்டினா போதும்.

மாமா: எம் பொண்ணுக்கு இங்க 2021-லேர்ந்தே ஃப்ரீ. கார்டுகூட வேணாம்.

மாப்பிள்ளை: எனக்கு?

(மாமா டீயை ஊதுகிறார். இந்த ரவுண்டு மாப்பிள்ளைக்கு.)

மாமா: சரி, குடிக்கத் தண்ணி? அந்த ஊர்ல ஒரு ஆறு கெடையாது. பாதிக்கு மேல கடல் தண்ணியத்தான் உப்பெடுத்துக் குடிக்கிறாங்க.

மாப்பிள்ளை: நம்ம மீஞ்சூர் கடல் தண்ணி பிளான்ட்ல என்ன, இளநீரா எடுக்கிறாங்க? அங்க கொழாயத் தொறந்தா தண்ணி வரும் மாமா. இங்க லாரிக்காரருக்கு போன் பண்ணா அவரு பொண்டாட்டி எடுக்கிறாங்க.

மாமா: வேலை என்னன்னு சொன்னீங்க?

மாப்பிள்ளை: வேர்ஹவுஸ். அது கெடைக்கலன்னா ஃபுட் டெலிவரி.

மாமா: மைக்ரான் கணக்குல ஜாப் ஓட்டின கை. இனிமே பீட்சா பொட்டி சாயாம ஓட்டும். சம்பளம்?

மாப்பிள்ளை: குறைஞ்சபட்சக் கூலியே வாரம் 220 யூரோவுக்கு மேல மாமா! யூரோ ஏறக்குறைய நூறு ரூபாய். மாசம் தொண்ணூத்தஞ்சாயிரம். நான் இங்க வாங்குறது இருபத்திரெண்டு.

மாமா: வாடகை?

மாப்பிள்ளை: ...நாலு பேரா ஒரு ரூம்ல இருந்தா ஆளுக்கு 250 யூரோ.

மாமா: நாலு பேருன்னா? நீங்க, எம் பொண்ணு, பேத்தி, அப்புறம்?

மாப்பிள்ளை: இல்ல மாமா, நாலு ஆம்பளைங்க. குடும்பத்தோடன்னா தனி வீடு. அது ஒரு ஆயிரம் யூரோ ஆகும்.

மாமா: ஆக, சம்பளம் 950, வாடகை ஆயிரம். குடும்பம் நடத்த மாசாமாசம் 50 யூரோ இங்கேர்ந்து நான் அனுப்பணும். ஐரோப்பாவுக்குக் காசு அனுப்புற மொத மாமனார் நானாத்தான் இருப்பேன்.

மாப்பிள்ளை: அவளும் வேலைக்குப் போவா மாமா.

மாமா: போகட்டும், மொதல்ல அந்த ஊருக்கு வர விடுவாங்களா? குடும்பத்தக் கூப்பிடணும்னா ரெண்டு வருஷம் நீங்க அங்க முறையாத் தங்கியிருக்கணும். அப்புறம் அந்த நாட்டோட சராசரி சம்பளத்தக் காட்டணும். அதுக்கு மேல, கூட்டிட்டு வர்ற ஆளு ஒவ்வொருத்தருக்கும் இருபது சதவீதம். ரெண்டு பேருக்கு நாப்பது. நீங்க சொல்ற குறைஞ்சபட்சக் கூலி, சராசரியில பாதிகூடத் தேறாது போல.

மாப்பிள்ளை: (தாளைத் திருப்பிப் பார்க்கிறார். பின்பக்கம் ஏஜென்டின் போன் நம்பர் மட்டும்.) படத்துல மூணு பேரு இருக்காங்களே?

மாமா: அந்த மூணு பேரு வேற கவுன்டர் மாப்ளே. மால்டாவுக்கு ரெண்டு வாசல். பணக்காரங்க வாசல்ல பாஸ்போர்ட்டே வெல போட்டு வித்தாங்க. ஆறு லட்சம் யூரோ, அதாவது ஆறு கோடி ரூபாய் கட்டினா மூணு வருஷத்துல குடிமகன். ஏழரை லட்சம் கட்டினா ஒரே வருஷம். அதுக்கு மேல அங்க ஒரு வீடு வாங்கணும், இல்ல வாடகைக்கு எடுக்கணும். பொண்டாட்டி புள்ளைக்கு தலைக்கு ஐம்பதாயிரம் யூரோ. சம்பள ஸ்லிப்புல சராசரி கிராசரி எவனும் கேக்கல.

மாப்பிள்ளை: இப்பவும் விக்கிறாங்களா?

மாமா: 2025 ஏப்ரல் 29-ம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அது தப்புன்னு தீர்ப்புக் குடுத்துடுச்சு. குடியுரிமைய யாவாரமாக்கக் கூடாதாம். உங்க ஏஜென்டுகிட்ட கேட்டா, அந்த கவுன்டர மூடிட்டாங்க சார், உங்க கவுன்டர்ல கூட்டம் கொறையும்னு சொன்னாலும் சொல்லுவான்.

மாப்பிள்ளை: உங்களுக்கென்ன மாமா, பென்ஷன் வருது. 1955-ல ஆவடியில காங்கிரஸ் மாநாடு போட்டு சோஷலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டாங்கன்னு பெருமையாச் சொல்லுவீங்க. எழுபது வருஷம் ஆச்சு. ஆவடியிலேர்ந்து பொறப்பட்ட அந்த சமுதாயம் இன்னும் அம்பத்தூர் எஸ்டேட் கேட்டுக்கு வந்து சேரல. எங்க ஷெட்ல பர்மனென்ட்டுன்னா அது செக்யூரிட்டி நாய் ஒண்ணுதான்.

மாமா: அதுக்குக் கடலு தாண்டணுமா?

மாப்பிள்ளை: நீங்க தாண்டலியா? 1984-ல அம்பாசமுத்திரத்துலேர்ந்து ஆவடிக்கு வந்தீங்க. பட்டாபிராம்ல அஞ்சு பேரு ஒரு ரூம்ல படுத்தீங்க. அத்தைய ரெண்டு வருஷம் கழிச்சுத்தானே கூட்டிட்டு வந்தீங்க?

மாமா: குவார்ட்டர்ஸ் கெடைக்கல, அதனால லேட்டு. ஆனா நெல்லை எக்ஸ்பிரஸ்ல உங்க அத்தைய ஏத்துறப்போ, "உம் புருஷன் சராசரி சம்பளம் வாங்குறானா"ன்னு எந்த டி.டி.ஆரும் கேக்கல.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆவடி வண்டி ஒன்று கண்டக்டரின் விசிலை மதிக்காமல் நிற்கிறது.)

மாமா: ஏஜென்ட் எவ்ளோ கேக்குறான்?

மாப்பிள்ளை: ஆறு லட்சம். அட்வான்ஸ் ஐம்பதாயிரம் குடுத்தாச்சு.

மாமா: ஏது?

மாப்பிள்ளை: நீங்க போட்ட நெக்லஸ்.

மாமா: (கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.) மாப்ளே, பதிவு பண்ண ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடியது முப்பதாயிரம். ஜி.எஸ்.டி. சேத்து 35,400. அந்தக் காசும் ரசீதோட. இமைகிரேட்னு சென்ட்ரல் கவர்மென்ட் சைட்ல அவன் லைசென்ஸ் நம்பரத் தட்டினா ஆளு யாருன்னு தெரிஞ்சிடும். அதுவும் வேணாம்னா கிண்டியில நம்ம ஸ்டேட் கவர்மென்டே 1978-லேர்ந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு ஒண்ணு நடத்துது. ஒரு நடை போயிருக்கலாம்ல?

மாப்பிள்ளை: கிண்டிக்கு ரெண்டு பஸ் மாறணும் மாமா.

மாமா: மால்டாவுக்கு?

மாப்பிள்ளை: அது ஏஜென்ட் பாத்துக்கறேன்னாரு.

மாமா: குடுங்க அந்த நம்பர. நான் பேசுறேன். (போன்) ஹலோ! யாருப்பா பேசுறது? பூந்தமல்லியா? நான் அம்பத்தூர் மாப்பிள்ளையோட மாமனார். உன் லைசென்ஸ் நம்பர் என்ன? ...மொதல்ல நம்பர சொல்லு. ...சென்ட்ரல் கவர்மென்ட்தான்யா, எச்.வி.எஃப். ...ரிட்டயர்டு. ...அறுபத்திமூணு. ...சுகர்லாம் இல்ல. ...என்னது, செக்யூரிட்டி சூப்பர்வைசரா? ...எனக்கா? ...நைட் ஷிஃப்ட் முப்பது வருஷம் பாத்தவன்யா நானு.

மாப்பிள்ளை: மாமா, லைசென்ஸ் நம்பர்?

மாமா: (போனைக் கையால் மூடி) செத்த இருங்க மாப்ளே. சம்பளம் சொல்லிட்டிருக்கான்.