தடயத்தை அழிக்காதீர்கள்

2015 ஜனவரி 14. ஊரில் போகி. பழையன கழிக்கும் நாள் என்று தெரிந்துதானோ என்னவோ, டெல்லி ஜனக்புரிக்குப் பக்கத்து விகாஸ்புரியில் ‘அவர் லேடி ஆஃப் கிரேசஸ்’ தேவாலயத்தில் விடியுமுன் ஆட்கள் நுழைந்து மாதா சொரூபத்தை உடைத்துவிட்டுப் போனார்கள். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. பிடிபட்டவர்கள் குடிபோதையில் செய்துவிட்டார்கள் என்றது காவல்துறை. குடித்தவன் வழி தவறி வீட்டுக்குப் போகாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். வழி தவறாமல் மாதாவிடம் போகிறவன் டெல்லிக் குடிகாரன்.

அதற்கு முந்தைய டிசம்பர் 1ஆம் தேதி தில்ஷாத் கார்டனில் புனித செபஸ்தியார் ஆலயம் உள்ளே முழுக்க எரிந்தது. ரோஹிணியில் கிறிஸ்துமஸ் குடில் எரிந்தது. அலங்கார விளக்கில் மின்கசிவு என்றார்கள். பிப்ரவரியில் வசந்த் குஞ்ச் அல்போன்சா ஆலயத்தில் நற்கருணைப் பேழையை உடைத்தார்கள், அது திருட்டு. போதை, மின்சாரம், திருட்டு என ஆளுக்கொரு காரணம் கிடைத்தது. வெறுப்பு என்ற காரணம் மட்டும் டெல்லிக் குளிரில் வெளியே வரவில்லை.

பிறகு புள்ளிவிவரம் வந்தது. 2014ஆம் ஆண்டில் தலைநகரில் 206 கோயில்கள், 30 குருத்வாராக்கள், 14 மசூதிகள், 3 தேவாலயங்களில் திருட்டு நடந்ததாகக் காவல்துறை கணக்குக் காட்டியது. அதாவது கிறிஸ்தவர்களுக்கு வரவேண்டிய பங்குத் திருட்டே இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் என்ன புலம்பல்! புலம்பத்தான் செய்தார்கள். பிப்ரவரி 5 அன்று சேக்ரட் ஹார்ட் கதீட்ரல் வாசலில் கூடிய பாதிரியார்களையும் கன்னியாஸ்திரீகளையும் போலீஸ் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனது. உடைத்தவர்களைத் தேடத் தெருத்தெருவாக அலைய வேண்டும். ஜெபம் செய்கிறவர்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள்.

அது பழைய கதை. இப்போது கேக் காலம். 2023 ஈஸ்டருக்குப் பிரதமர் அதே கதீட்ரலுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றினார். அடுத்த மாதமே மணிப்பூர் எரிந்தது. நூற்றுக்கணக்கில் தேவாலயங்களும் எரிந்தன. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் பிரதமர் இல்லத்தில் விருந்து. அங்கே போய் உட்கார்ந்த நம் பெரியவர்களுக்கு மணிப்பூர் என்ற ஐந்தெழுத்தைப் பரிமாற மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 2024 டிசம்பர் 23 அன்று கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலைமையகத்துக்கே பிரதமர் வந்தார். பாட்டு, குடில், கைதட்டல். கிறிஸ்தவர்கள் மீதான வன்முறைகளைப் பதிவு செய்யும் யுனைடெட் கிறிஸ்டியன் ஃபோரத்தின் கணக்கில் 2014இல் 127 சம்பவங்கள், 2024இல் 834. கேக் துண்டு பெரிதாக ஆக, எண்ணும் பெரிதாகிறது.

அந்த விழாவில் பிரதமர் ஒன்றை நினைவூட்டினார்: ஆப்கானிஸ்தானில் கடத்தப்பட்ட அலெக்சிஸ் பிரேம்குமார் அடிகளாரை மீட்டது தம் அரசு என்று. உண்மைதான், நன்றி. அவர் தமிழர், இயேசு சபைப் பாதிரியார். ஸ்டான் சுவாமியும் தமிழர்தான், திருச்சிப் பக்கத்து விரகாலூர்க்காரர். அவரும் இயேசு சபைதான். விசாரணையின்றிச் சிறையில் வாடும் ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்குப் போட்டவரை 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்தார்கள். பார்க்கின்சன் நோயில் கை நடுங்க, தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழல் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்டது தேசியப் புலனாய்வு முகமை. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், கைதியாகவே இறந்தார். ஆப்கானிஸ்தானில் இருந்து ஒருவரை மீட்க ராஜதந்திரம் வேண்டும், விமானம் வேண்டும். தலோஜா சிறையில் இருந்து இன்னொருவரை மீட்க ஒரு கையெழுத்து போதும். கேக் வெட்டும்போது அந்தப் பெயரை யாராவது சொல்லியிருந்தால் க்ரீம் கெட்டுப்போயிருக்குமா?

அரசைத் திட்டுவதோடு முடிந்தால் இந்தக் கட்டுரையை ஜனக்புரியில் கைதட்டி வரவேற்பார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து டிடிஏ ஃபிளாட்டுகளின் வரவேற்பறைகளில் இட்லி சாப்பிடும் நம் தமிழ்க் கிறிஸ்தவ அண்ணாச்சிகள் ஸ்டான் சுவாமியைப் பற்றி என்ன பேசினார்கள் தெரியுமா? “ஃபாதர்னா பூசை வைக்கணும், பிரசங்கம் பண்ணணும். ஆதிவாசி கேஸெல்லாம் இவருக்கு எதுக்கு சார்?” மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் கடைசி நாளின் கேள்வித்தாளே வெளியாகிவிட்டது. பசித்தவன், அந்நியன், நோயாளி, சிறைப்பட்டவன் என்று எல்லாமே கட்டாயக் கேள்விகள். ஆலயக் காம்பவுண்டு சுவரின் உயரம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. திகார் சிறை இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் நம் கரோல் வண்டி மேலதிகாரி வீட்டு வாசலில்தான் திரும்புகிறது.

அண்ணாச்சி நல்லவர்தான். விகாஸ்புரியில் சொரூபம் உடைந்தபோது உண்மையாகவே அழுதார். மகளுக்கு வரன் தேடும்போது மட்டும் ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யா என்பதோடு நிறுத்தாமல், அதற்கு அடுத்த சொல்லையும் விளம்பரத்தில் சேர்த்துவிடுவார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ‘பறட்டை’ தியோபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து எத்தனையோ வருடமாயிற்று. இங்கே ஆலயத்தில் பறை அடிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். “பக்தி கெட்டுடும் தம்பி” என்பார். ஜெர்மானிய மெட்டில் ஆர்கன் ஒலித்தால் கெடாத பக்தி அது.

வேடிக்கையின் உச்சம் இனிமேல்தான். 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, மற்ற தொழிலாளிகளுக்குக் கிடைத்த பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 தீர்ப்பின் சாரம் இது: மதம் மாறிய பிறகும் அதே கொடுமை புதிய சமூகத்துக்குள் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் கொண்டு வா.

கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்று இந்த வழக்குகளில் அடித்துச் சொல்வது ஒன்றிய அரசு. வேதசாஸ்திரிகள்கூட இத்தனை விசுவாசத்தோடு சொன்னதில்லை. இருக்கிறது, தயவுசெய்து நம்புங்கள் என்று ஜந்தர் மந்தரில் கோஷம் போடுவது ஆயர்கள். சரி, அந்தச் சாதி எங்கே இருக்கிறது? ஆயர்களின் பங்குகளில். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதற்காக 2008 மார்ச்சில் சாதிக் கிறிஸ்தவர்கள் அவர்களைத் தாக்க, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவே சுவர். கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையத்தில் தேர்த் திருவிழாவில் எங்களைச் சேர்ப்பதில்லை என்ற முறையீட்டில் 2025இல் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. 2016 டிசம்பரில் ஆயர் பேரவையே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுதி ஒப்புக்கொண்டது. அச்சிட்டார்கள், வெளியிட்டார்கள், காப்பி குடித்தார்கள்.

விகாஸ்புரியில் மாதாவை உடைத்தவனுக்குப் போதை என்ற சாக்காவது உண்டு. கல்லறைக்கு நடுவே செங்கல் அடுக்கியவன் தெளிவாகத்தான் இருந்தான். கொத்தனாருக்குக் கூலி கொடுத்து, நூல் பிடித்துக் கட்டியிருக்கிறான். தேவாலயத்தை உள்ளிருந்து இடித்த அவனைத் தேடி யாரும் புகார் எழுதவில்லை, மெழுகுவர்த்தி ஏந்தவில்லை.

ஆனால் நாம் ஆயர்களைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோமோ என்று சமீபமாக எனக்கு ஒரு சந்தேகம். நீதிமன்றம் ஆதாரம் கேட்கிறது. தலித் கிறிஸ்தவர்களுக்காக 2004இல் தொடுத்த வழக்கு இன்னும் தொங்குகிறது. மத வேறுபாடு பாராமல் பட்டியல் சாதித் தகுதி கொடுங்கள் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொன்னது தூசியில் கிடக்க, 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் போட்டார்கள். இரண்டு வருடத்தில் முடிக்கச் சொன்ன வேலைக்கு மேலும் அவகாசம் கொடுத்தார்கள். இந்த நேரத்தில் யாராவது அவசரப்பட்டுச் சுவரை இடித்து, இரண்டு கல்லறைகளை ஒன்றாக்கி, ஒரே தேரை எல்லாத் தெருவிலும் இழுத்துத் தொலைத்தால் வழக்கு என்ன ஆவது? எந்தச் சாதியைக் காட்டி வாதாடுவது? ஆகவே, தீர்ப்பு வரும்வரை சுவர் பத்திரமாக நிற்கட்டும். வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு பக்கமும் வெள்ளையடித்து வைக்கிறோம், கனம் கோர்ட்டார் அவர்களே.