நாலாவது மாடு எங்கை?

எடேய் மோனை, படலையைத் திறந்து விட்டிட்டு, ஆகாசத்தாலை ஆர் இறங்குவான் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறாய். திறந்த படலையாலை பக்கத்து வளவுக் கிடாய் வந்து, கொம்மா நட்ட கத்தரியை மொட்டையடிச்சிட்டுப் போட்டுது. உனக்கெங்கை தெரியப்போகுது? மூஞ்சை முழுக்க அந்தத் தடிச்ச புத்தகத்துக்கை.

கனடாவிலை இருக்கிற உன்ரை மாமன் பெட்டி அனுப்பினான். எனக்கு ஒரு கம்பளிச் சுவெற்றர், முள்ளியவளை வெயிலுக்கு. உனக்கு ஆறு கொமிக்ஸ் புத்தகம். நான் அதைப் போட்டு வேர்க்கிறன், நீ இதைப் படிச்சு வேர்க்கிறாய்.

ஆரடா உவங்கள் எண்டு கேட்டன். “ஸ்க்ரல், அம்மப்பா” எண்டாய். சுக்குக் கோப்பி குடிச்ச குரலாக்கும் எண்டு நினைச்சன். படத்தைக் காட்டினாப் பிறகுதான் விளங்கிச்சுது: பச்சைத் தோல், கூர்க்காது, நாடியிலை புதுசா உழுத வயல் மாதிரிச் சால். வேற்றுக்கிரகத்து ஆக்களாம், ஆற்றை உருவமெண்டாலும் எடுப்பாங்களாம். நல்லது. எங்கடை மாரீசன் மான் உருவெடுத்தான். உவங்கள் என்ன எடுத்தவங்கள் எண்டு கேட்டன். நீ சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாய் பார், அந்தக் கதைதான் எனக்குப் பிடிச்சது.

1962ஆம் ஆண்டு, ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் செய்த ‘ஃபன்டாஸ்டிக் ஃபோர்’ ரெண்டாவது இதழ். நாலு ஸ்க்ரல் வந்து, நாலு வீரரின்ரை உருவை எடுத்து, ஊரெல்லாம் அட்டகாசம் பண்ணுறாங்கள். பழி உண்மையான நாலு பேரிலை விழுது. பிறகு அந்த ரீட் றிச்சர்ட்ஸ் எண்ட கெட்டிக்காரன், கொமிக்ஸ் புத்தகத்திலை வெட்டின பூதப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டி, “பூமியிலை உப்பிடியான சாமான்கள் கிடக்கு” எண்டு வெருட்ட, ஸ்க்ரல் தளபதி கப்பலைத் திருப்பிக்கொண்டு ஓடுறான். எனக்குத் தெரிஞ்சு கொமிக்ஸ் பாத்துப் பயந்த முதல் படை உதுதான். அதுக்குப் பிறகு றிச்சர்ட்ஸ், பிடிபட்ட மூண்டு ஸ்க்ரலையும் பசுமாடாய் மாறச் சொல்லி, தாங்கள் ஆரெண்டதையே மறக்கப்பண்ணி, மேய விட்டிட்டான்.

பொறு, பொறு. வந்தது நாலு. மேயிறது மூண்டு. நான் பட்டி அடைக்கிறவன் மோனை. பொழுதுபட்டால் தலை எண்ணாமல் கடப்பு மூடமாட்டன். நாலாவது எங்கை எண்டு கேட்டன், நீ முழிசினாய். பேந்து ரெண்டு நாள் தேடி, கிறீ–ஸ்க்ரல் யுத்தக் கதையிலை கண்டுபிடிச்சாய். 1971–72இலை றோய் தோமஸ் எழுதினது. அதிலை பூமிக்குள்ளை ஒளிச்சிருக்கிற வேற்றுக்கிரக ஆக்களைப் பிடிக்கவெண்டு ஒரு கொமிஷன் போடுறாங்கள். அதுக்குத் தலைவர் கிறடொக் எண்டொரு பெரியவர். கடைசியிலை பாத்தால் அவர்தானாம் அந்த நாலாவது ஸ்க்ரல்!

உதைக் கேட்டு நீ ஆச்சரியப்பட்டாய். நான் படேல்லை. இந்த நாட்டிலை எத்தினை கொமிஷன் வந்து போனதைக் கண்ட கண்ணடா இது.

மாடுகளின்ரை கதையும் அதோடை முடியேல்லை. 1983இலை வந்த ‘ஃபன்டாஸ்டிக் ஃபோர்’ ஆண்டு மலரிலை, அந்த மாட்டுப் பாலைக் குடிச்ச ஊர்ச்சனமும் உருமாறத் தொடங்கினதாம். அதுக்குத்தான் பால்காரனை அறிஞ்சு பால் வாங்கவேணும் எண்டு கொம்மம்மா சொல்லுறவள்.

இனி உன்ரை ஆறு புத்தகம். 2008இலை பிரையன் மைக்கேல் பென்டிஸ் எழுத, லைனில் யூ கீறின ‘சீக்ரெட் இன்வேஷன்’ எட்டு இதழ், அது ஒரு புத்தகம். மிச்சம் அஞ்சும்? அதே சண்டையை அங்காலை நிண்டு பாத்தது, இங்காலை நிண்டு பாத்தது, கூரையிலை நிண்டு பாத்தது. ஒரு பானைச் சோத்தை ஆறு கோப்பையிலை போட்டு ஆறு விலை. இதிலை உருமாறுறது ஆர் எண்டு உனக்கு இன்னும் விளங்கேல்லை!

அதிலை சிலந்திப் பொம்பிளை எண்டு கூட இருந்து சாப்பிட்டவளே ஸ்க்ரல் ராணி வெராங்கே எண்டு கண்டவுடனை, பக்கத்திலை நிக்கிறவனையும் நம்பேலாமல் போகுதாம். அவங்கள் அதை அச்சடிச்ச வருஷம் நாங்கள் உழவு மெசினிலை பானை சட்டியோடை ஊர் ஊராய் ஓடிக்கொண்டிருந்தனாங்கள். ஆகாசத்தாலை வந்ததும் வேறை. அதை விடு.

முகம் மறைக்கிற வித்தைக்கு நாங்கள் வேற்றுக்கிரகம் போகத் தேவையில்லை. தலையாட்டி எண்டு ஒரு சொல் கேள்விப்பட்டிருப்பாய். தலையிலை சாக்கு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. வரிசையிலை நிக்கிற எங்களைப் பாத்து அந்தச் சாக்கு ஆடினால் முடிஞ்சுது. பச்சைத் தோலும் இல்லை, கூர்க்காதும் இல்லை.

என்னையும் ஒருக்கால் ஸ்க்ரல் எண்டு பிடிச்சவங்கள், தெரியுமோ? ஒரு சென்றியிலை. அடையாள அட்டையிலை சுருள்மயிரும் மீசையுமாய் இருபத்தஞ்சு வயசுப் பெடியன். வெளியிலை நிக்கிறது பல்லுப்போன மொட்டை. பெடியன் ஆமிக்காரன் அட்டையைப் பாக்கிறான், என்னைப் பாக்கிறான், திரும்ப அட்டையைப் பாக்கிறான். “மயிர் போனதுக்கு விதானையாரிட்டைக் கடிதம் கொண்டரட்டோ?” எண்டு கேக்க வாய் உன்னிச்சுது. கொம்மம்மா பின்னாலை நிண்டு கிள்ளிப்போட்டாள்.

வற்றாப்பளையிலை அம்மன் வந்த கதையைப் பார். நந்திக்கடல் கரையிலை மாடு மேச்ச பெடியள். ஒரு கிழவி வந்து பசிக்குதெண்டாள். பெடியள் அட்டை கேக்கேல்லை, பொங்கிக் குடுத்தாங்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லையெண்டு சொல்ல, கடல் தண்ணியை விட்டு ஏத்தச் சொன்னாள், எரிஞ்சுது. தலையிலை பேன் பாக்கச் சொன்னாள். பாத்தால் தலை முழுக்கக் கண்! அவளும் உருமாறி வந்தவள்தான். இண்டைக்கும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல் தண்ணியிலைதான் விளக்கு. அந்தப் பெடியளின்ரை கையிலை உன்ரை புத்தகம் இருந்திருந்தால் கிழவியைப் பிடிச்சு மரத்திலை கட்டியிருப்பாங்கள்.

சரி, காலமை நடந்ததுக்கு வருவம். மாமன்ரை சேட்டும் போட்டு, போத்தல் வாசமும் பூசிக்கொண்டு பால் கறக்கப் போனாய். செவலை ஒரு உதை விட்டாள். வாளி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். அந்த வோல்வரின் எண்ட மூக்குக்காரனாலையே ஸ்க்ரலை மணந்து பிடிக்கேலாமல் போச்செண்டு நீதானே சொன்னாய்? செவலையைக் கொண்டுபோய் விட்டிருந்தால் எட்டு இதழ் தேவைப்பட்டிராது.

எழும்பு. கிணத்தடியிலை நல்லாய்த் தேய்ச்சுக் குளி. என்ரை பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு, அவளின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு முன்பக்கமாய்ப் போ. போகேக்கை அந்தப் படலையைச் சாத்து.