உக்கிராணச் சாவியின் இயக்கம்: ஒரு முன்னாய்வு

தமிழர் திருமணத்தைப் பற்றி, பந்தக்கால் முதல் கட்டுச்சாதம் வரை எழுதித் தீர்த்துவிட்டார்கள். முளைப்பாலிகையில் ஒன்பது தானியம் ஏன் என்பதற்குக்கூட விளக்கம் உண்டு. ஆனால் முகூர்த்தத்துக்கு முந்தின இரண்டு மூன்று நாள் குடும்பத்தையே ஆட்டிவைக்கும் உக்கிராணச் சாவியைப் பற்றி ஆய்வுலகம் வாய் திறந்ததில்லை. 1963இல் 'வாஷிங்டனில் திருமணம்' எழுதியவரின் புனைபெயர் சாவி. சா. விசுவநாதன் என்பதன் சுருக்கமே அது என்பார்கள். இத்துறையினர் அதை நம்ப வேண்டியதில்லை.

உக்கிராணம் என்பது வீட்டில் மாடிப்படிக்கு அடியிலும், மண்டபத்தில் சமையற்கட்டை ஒட்டியும் அமைவது. தேங்காய் மூட்டை, தாம்பூலப் பை, முறுக்கு டின், முந்திரி, நெய், சீர்த்தட்டு, கூடவே யாரோ கொண்டுவந்து வைத்த தலையணை ஆகியவை உள்ளுறை பொருள்கள். இதைப் பூட்டுவது திண்டுக்கல் பூட்டு. அந்தப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சாவி புவியில் எங்கே இருக்கிறது என்பதற்குத்தான் இன்றுவரை ஒரு குறியீடும் இல்லை.

சாவி யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பதே இவ்வாய்வின் மையக் கேள்வி. பொறுப்பானவரிடம் என்பது பாமரர் கருத்து. ஆய்வாளர் கண்டவரை, பத்திரிகையில் பெயர் விடுபட்டுப்போன உறவினரிடமே அது சேர்கிறது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே பெரிய அத்தையின் பெயர் இல்லை, அச்சகத்தான் மேல் பழி போட்டாயிற்று, அத்தை சமாதானமாகவில்லை. "நீங்க இல்லாம இந்தக் கல்யாணம் நடக்குமா அத்தை? இந்தாங்க, உக்கிராணம் உங்க பொறுப்பு." சாவி இடுப்பில் ஏறியதும் முகம் தெளிகிறது. ஆக, சாவி பண்டகக் காப்புக் கருவி அன்று. கோபம் தணிக்கும் மருந்து. வீட்டில் ஓடியாடி வேலை செய்யும் சித்தியிடம் அது ஒருபோதும் போகாததன் காரணமும் இதுவே. சித்திக்குக் கோபித்துக்கொள்ள நேரம் இல்லை.

இனி, கள ஆய்வு. முகூர்த்த நாள் விடியற்காலை மூன்று மணி. சமையல் மாஸ்டர் கரண்டியோடு வந்து நிற்கிறார்.

"கேசரிக்கு முந்திரி வேணும்மா."

அத்தை மாடியில் உறக்கம். எழுப்பத் துணிந்தவர் எவருமில்லை. அனுப்பப்பட்ட சிறுவன் கொண்டுவந்த பதில்: "எங்கிட்ட ஏது? ராத்திரியே பெரியவன்கிட்ட குடுத்துட்டேனே!" பெரியவனோ மாப்பிள்ளை வீட்டாரை அழைக்க ரயில்வே ஸ்டேஷன் போயிருக்கிறான், சட்டைப்பையில் சாவியோடு. அன்று முந்திரி இல்லாத கேசரியைச் சம்பந்தி வீட்டார் கவனித்தார்கள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

1967இல் இந்து திருமணச் சட்டத்துக்கு நம் மாநிலம் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ மணம் முடிக்கலாம், புரோகிதர் கட்டாயமில்லை. சாவி இல்லாமல் முடிக்க வழி சொல்லும் சட்டம் எதுவும் வந்தபாடில்லை.

வருகிற தையில் உங்கள் வீட்டில் கல்யாணம் என்றால், இன்றே பூட்டுக்கடைக்குப் போய் மாற்றுச் சாவி ஒன்று போட்டுச் சித்தியிடம் கொடுத்துவையுங்கள். அத்தைக்குத் தெரிய வேண்டாம்.