இரண்டாம் வலயத்தார்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் விடிகாலையில் தென்படும் சைக்கிளோட்டிகளுள், வீதியைப் பாராமல் கைபிடியில் பூட்டிய சிறு திரையையே பார்த்துக்கொண்டு, விலையுயர்ந்த சைக்கிளில் எல்லோருக்கும் பின்னால் வருபவர் எவரோ, அவர் அண்மையில் வலுமானி வாங்கியவர் என்று துணிந்து கூறலாம்.

வலுமானி என்பது, உழக்கும்போது பெடலைத் தாங்கும் தண்டு வளைகின்ற நுண்ணிய அளவை உணர்ந்து, அதிலிருந்து முறுக்கத்தைக் கணித்து, அதனைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி, காலின் உழைப்பை வாற்றுக் கணக்கில் காட்டும் கருவியாகும். ஜேர்மனியப் பொறியியலாளர் உல்ரிச் ஷோபரர் 1986 ஆம் ஆண்டில் உருவாக்கிய இக்கருவி, நெடுங்காலம் தொழில்முறைப் போட்டியாளர்களிடமே இருந்து, பின்னர் விலை இறங்கி, இப்போது கனடாவிலிருந்து வரும் மைத்துனரின் பயணப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. மைத்துனர் கொண்டுவருவது பெரும்பாலும் இடப்பக்கத்துக்கு மட்டுமான மலிவு வகை என்பதால், அது இடது காலை அளந்து இரண்டால் பெருக்குகிறது. வலது கால் என்ன செய்கிறது என்பது முற்றிலும் நம்பிக்கையின் பாற்பட்டது.

குடாநாட்டுக்கு இக்கருவி வேண்டாத ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மலையே இல்லாத இந்நிலத்தில் ஏற்றத்தின் வேலையைக் காற்றே செய்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் வல்லைவெளி வழியாகப் பருத்தித்துறைக்குப் பறந்து சென்றவர், அதே வெளியில் திரும்பும்போது காற்றை முகத்தில் வாங்கி ஊர்ந்து வர நேரும் என்பதால், வேகத்தை மட்டும் கொண்டு உழைப்பை மதிப்பிடுவது பிழையாகும். வலுமானியோ காற்றையும் பொருட்படுத்தாது, பக்கத்தில் வருபவரையும் பொருட்படுத்தாது, உழக்குபவரின் உழைப்பை மட்டும் சொல்லும். பயிற்சி செய்பவர் முதலில் 20 நிமிடம் இயன்றமட்டும் உழக்கி, அச்சராசரியில் 95 வீதத்தை எடுத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய தம் எல்லை வலுவாகக் கொள்கிறார். பின்னர் அதை அடிப்படையாக வைத்துத் தம் உழைப்பை வலயங்களாகப் பிரிக்கிறார். எல்லை 200 வாற்று என்றால், அதன் 56 முதல் 75 வீதம் வரையான இரண்டாம் வலயம் 112 இலிருந்து 150 வரை அமையும். உடலின் தாங்குதிறன் அங்குதான் வளர்கிறது என்பதால், பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை அங்கே, மெதுவாகக் கழிக்க வேண்டும் என்பதே விதி.

இவ்விதியால் விளையும் துன்பம் யாதெனில், ஒருவர் மெதுவாகச் செல்வது பயிற்சியினாலா இயலாமையினாலா என்பது பார்ப்பவருக்கு விளங்காது என்பதும், விளங்காமல் விடுவதை இரண்டாம் வலயத்தார் ஒருபோதும் பொறுத்துக்கொள்ளார் என்பதுமாகும். நீர்வேலியிலிருந்து கரியரில் வாழைக்குலை கட்டிச் சந்தைக்குப் போகும் முதியவர் ஒருவர், சாரத்தை மடித்துக் கட்டியபடி, பழைய லுமாலா சைக்கிளில் அவரை முந்திச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்தியவருக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு அவரை எட்டிப் பிடித்தாக வேண்டும். எட்டிப் பிடிப்பதற்கு 230 வாற்று வேண்டும். அதுவோ ஐந்தாம் வலயம். மெதுவாகச் செல்வதை நிறுவும்பொருட்டு மூச்சிரைக்கத் துரத்திச் சென்று, கோப்பாய்க்குச் சற்று முன்னர் பக்கத்தில் சேர்ந்து, "ஐயா, நான் இண்டைக்கு வேணுமெண்டுதான் மெதுவாப் போறன், இரண்டாம் வலயம்" என்று விட்டுவிட்டுச் சொல்லி முடிக்கையில், முதியவர் சைக்கிளின் பின்சில்லை இரக்கத்தோடு நோக்கி, "காத்துக் காணாது போல கிடக்கு தம்பி, என்னட்டப் பம்ப் இருக்கு, அடிச்சுக்கொண்டு போங்கோவன்" என்பார். அதன்பின் எல்லை வலு, வீதக் கணக்கு, தாங்குதிறன் ஆகிய மூன்றையும் விரித்துரைக்கும் வரைக்கும் ஐந்தாம் வலயம் தொடர்வதால், அன்றைய பயிற்சி அத்தோடு பாழாகிறது.

ரியூசனுக்குப் போகும் மாணவியர் இருவர் சோடியாகக் கதைத்துச் சிரித்தபடி முந்திச் செல்லும்போதோ நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அவர்களைத் துரத்திச் சென்று விளக்கம் சொன்னால் ஊர் அதை வேறு விதமாக விளங்கிக்கொள்ளும். அவ்வேளைகளில் அவர் வீதியோரம் இறங்கி நின்று, வெப்பநிலை மாறினால் கருவியின் பூச்சிய நிலை சற்றே விலகும் என்ற உண்மையைத் துணைக்கழைத்து, அதைச் சரிசெய்வதாகப் பாவனை செய்வார். ஒரு நாளில் எத்தனை முறை பூச்சியம் விலகுகிறது என்பது அன்றைய ரியூசன் நேரசூசியைப் பொறுத்தது. மலையேற்றத்துக்கு மட்டுமே பெரிதும் பயன்படும் 'ஒரு கிலோ எடைக்கு இத்தனை வாற்று' என்ற கணக்கை, மலையற்ற குடாநாட்டில் உயர்த்துவதற்காக அவர் இரவுப் புட்டைக் கைவிட்டது தனிக்கதை.

ஆயினும் இவருள் நாற்பதைத் தாண்டியோர் 1990களில் இங்கேயே சிறுவராக இருந்தவர்கள் என்பதை மறந்து நகைப்பது நியாயமாகாது. போர் மீண்டும் மூண்டு மின்சாரம் அற்றுப்போய், தடையினால் பற்றரியும் கிடைக்காத அக்காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றி, முன்விளக்குக்கென அமைந்த 3 வாற்று அளவிலான டைனமோவை வானொலியோடு தொடுத்து, பிபிசி தமிழோசையைக் கேட்ட வீடுகள் பல. சுழற்றும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுச் சிறுவனுடையது. கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் அமுங்கும், குரல் அமுங்கினால் சுற்றியிருந்த பெரியவர்கள் அதட்டுவார்கள். சீரான வலு என்றால் என்னவென்று எந்தத் திரையும் இன்றிக் கற்ற அக்கைகளின் உரிமையாளர்கள், இன்று ஒரு மணி நேரம் 130 வாற்றை ஆடாமல் அசையாமல் பிடித்துச் செல்வது, எவரும் முந்தாதவரை, பார்த்து மதிக்கத்தக்க காட்சியே.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகக் கசூரினாக் கடற்கரைக்குச் செல்லும்போது நிகழ்வதை மட்டும் அவ்வாறு மதிக்க இயலவில்லை. பொன்னாலைப் பாலத்தின் நடுவில், நிழலுக்கு ஒரு பனை கூட இல்லாத இடத்தில், கூட வந்த ஒருவருக்கு ரியூப் வெடித்து ஏனையோர் எல்லோரும் இறங்கி நிற்கையில், இரண்டாம் வலயத்தார் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கடந்து போய், காரைநகரில் இளநீர் குடித்தபடி காத்திருந்து, நின்றிருந்தால் சராசரி விழுந்திருக்கும் என்று காரணம் காட்டுவது எந்த வலயத்திலும் சேராத செயலாகும். ஒட்டுப்போடும் பசையும் பம்பும் அவருடைய பையில்தான் இருந்தன. அடுத்த ஞாயிறு முதல் அப்பையை வேறொருவர் சுமப்பது நல்லது.